கைகொடுத்தவர் யார்?

பரிசளிப்பு விழா மேடைகளிலே பேச வருவோர் தவறாது எடுத்தாளும் கதைகள் சில உள. உறுப்புக் குறையுடைய ஒருவர் உலகையே வியக்கவைத்த கதை அவற்றுள் ஒன்று. கதை முடிந்ததும் பேச்சாளர் மாணவரை நோக்கி, "ஒரு கையின் வலுவை இழந்தவன் இத்துணை சாதித்தானாயின், இரு கையும் படைத்த உங்களுக்கு என்ன குறை?" என்று வினவுவார். கரகோஷம் எழும். மாணவர் தத்தம் வீடு செல்வர். கதையின் நாயகனும் அன்று மாலையே மறக்கப்படுவான். கையோ காலோ வலுவிழந்த பிள்ளை ஒன்று அச்சபையின் ஓரத்திலே அமர்ந்திருந்தால், அப்பிள்ளைக்கு அக்கதை அளித்தது யாது? இதனை எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இவ்வாரம் அத்தகைய கதையொன்றை முழுமையாக நோக்க விழைகின்றோம். மேடைப் பேச்சுக்கு வேண்டிய பாதியோடு, பெரும்பாலும் சொல்லாது விடப்படும் மறுபாதியையும் வாசகர் முன் வைக்க எண்ணுகின்றோம். கதைக்குரியவர் நியூசிலாந்து தேசத்து ஓட்ட வீரர் மறே ஹல்பேர்க்.

1933ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் நாள், நியூசிலாந்தின் வடதீவிலுள்ள எகெற்றகூனா என்னும் சிற்றூரிலே அவர் பிறந்தார். ஒக்லாந்து நகரிலே கல்வி கற்றார். அந்நாட்டிலே றக்பி ஆட்டத்தை ஒரு விளையாட்டு என்பதிலும் பார்க்க ஒரு தேச வழக்கம் என்பதே பொருந்தும். நடக்கத் தெரிந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் முட்டை வடிவான அப்பந்தை ஏந்தி ஓடக் கனவு காண்பான். இளம் ஹல்பேர்க்கும் அவ்வாறே ஆடினார். 1950இல், அவருக்குப் பதினேழு வயதாயிருந்தபோது, ஆட்டமொன்றிலே எதிரணியினரோடு மோதி வீழ்ந்தார். இடத்தோள் மூட்டு விலகியது. குருதிக்குழாய்களும் நரம்புகளும் உள்ளே சிதைந்தன. உயிருக்கே அஞ்சவேண்டிய நிலை ஏற்பட்டது. வைத்தியர்கள் அரும்பாடுபட்டு உயிரைக் காத்தனர். கையை அவர்களால் மீட்க இயலவில்லை. இடக்கை மெலிந்து, சுருங்கி, செயலற்றுப் போயிற்று.

பதினேழு வயது இளைஞன் ஒருவன் குழந்தைபோலப் பாடம் கற்கவேண்டியவனானான். ஒரு கையால் உடை உடுப்பது எங்ஙனம், உணவை வெட்டி உண்பது எங்ஙனம், நிலைகுலையாது நடப்பது எங்ஙனம் என்பவற்றை ஒவ்வொன்றாகப் பழகினார். றக்பி ஆட்டத்தின் கதவு அவருக்கு நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. ஆனால், அந்த வயதின் துடிப்பு அடங்கிவிடவில்லை. அவர் ஓடத் தொடங்கினார்.

ஓட்டம் என்பது கால்களின் தொழில் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். சற்று உற்று நோக்கினால் கைகளின் பங்கும் புலனாகும். வலக்கால் முன்னே செல்லும்போது இடக்கை முன்னே செல்கின்றது. இடக்கால் செல்லும்போது வலக்கை செல்கின்றது. இந்த எதிர்வீச்சு இருப்பதனாலேயே உடல் பக்கவாட்டிலே முறுகாது நேரே செல்கின்றது. இறுதிச் சுற்றிலே கால்கள் சோரும்போது கைகளை விரைந்து வீசுமாறு பயிற்சியாளர் கூவுவதும் இதனாலேயே. கைகள் விரைந்தால் கால்களும் உடன் விரையும். ஹல்பேர்க்கின் இடக்கையோ மார்போடு ஒட்டி மடங்கியபடியே கிடந்தது. ஒரு புறம் வீச்சு, மறுபுறம் வெறுமை. வளைவுகளிலே வீரர் ஒருவரையொருவர் நெருக்கும்போது, முழங்கையால் இடம் தேடிக்கொள்ளும் வசதியும் அப்பக்கத்திலே அவருக்கு இல்லை. அவர் ஓடிய பந்தயங்கள் எல்லாம் இரு கையும் உடையவரோடு ஓடிய பந்தயங்களே என்பதை மாணவர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

இவ்விடத்திலே கதையின் இரண்டாவது மனிதர் வருகின்றார். அவர் பெயர் ஆதர் லிடியார்ட். சப்பாத்துத் தொழிற்சாலையிலே வேலை செய்த அவர், வேலைக்கு முன்னும் பின்னும் ஓடும் பழக்கமுடையவர். நெடுந்தூரம் ஓடுவதற்கு உடலைப் பழக்குவது எப்படி என்பதை எந்த நூலிலும் தேடாது, தம் உடலிலேயே ஆண்டுக்கணக்காகச் சோதித்துப் பார்த்தார். மிகக் குறைவாகவும் ஓடிப் பார்த்தார். மிதமிஞ்சியும் ஓடிப் பார்த்தார். வாரம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 மைல் ஓடுவதே நன்று என்னும் முடிவுக்கு வந்தார். 1953இலும் 1955இலும் தம் நாட்டின் மரதன் ஓட்டத்திலே முதலிடம் பெற்றார்.

அவருடைய கொள்கை எளியது. வேகம் பின்னர் வரட்டும். முதலிலே தளராமை வேண்டும். அரை மைல் ஓடுபவனாயினும் மரதன் ஓடுபவனைப் போலவே அடித்தளம் இடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலே ஒக்லாந்தின் மேற்கேயுள்ள வைற்றாக்கரே மலைச்சாரலில் 22 மைல் சுற்றுப்பாதையிலே தம் மாணாக்கரோடு அவர் ஓடுவார். ஏற்றமும் இறக்கமும் நிறைந்த அப்பாதையிலே வாய்ப்பேச்சும் உண்டு, வியர்வையும் உண்டு. ஹல்பேர்க் அக்கூட்டத்திலே சேர்ந்துகொண்டார். அவரிடம் சிறந்த ஓட்டக்காரன் ஒருவன் உறைகின்றான் என்பதை லிடியார்ட் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார். அவர் கண்டது அந்தக் கையை அன்று. அந்த இளைஞனின் நெஞ்சுரத்தையும் மூச்சையுமே.

இனி அவர் ஓடிய பந்தயங்களைப் பார்ப்போம். 1954இல் கனடாவின் வான்கூவர் நகரிலே நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவிலே ஒரு மைல் ஓட்டத்தில் அவர் கலந்துகொண்டார். ரொஜர் பனிஸ்ரரும் ஜோன் லாண்டியும் நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடித்த புகழ்பெற்ற ஓட்டம் அதுவே. ஹல்பேர்க் ஐந்தாவதாக வந்தார். இரண்டாண்டுகள் கழிந்து, 1956இல் மெல்பேண் ஒலிம்பிக் விழாவிலே 1,500 மீற்றர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்குத் தெரிவானார். அதிலே அவருக்குக் கிடைத்தது பதினோராம் இடம்.

இத்தோல்வியை மேடைப் பேச்சாளர் பெரும்பாலும் விட்டுவிடுவர். எமக்கோ இது முக்கியமாகப்படுகின்றது. மன உறுதி ஒன்றே போதுமாயின் மெல்பேணிலேயே வெற்றி கிடைத்திருக்கும். அங்கு தேவைப்பட்டது வேறொன்று. தமக்கு இயற்கை அளித்தது யாது, அளிக்காதது யாது என்று ஆராய்ந்து, அதற்கேற்பப் பாதையை மாற்றும் அறிவு அது. இறுதி நூறு மீற்றரிலே மின்னலெனப் பாயும் வேகத்திலே அவரை விஞ்சியோர் இருந்தனர். ஆனால் நீண்ட தூரம் கடும் வேகத்தைத் தாங்கும் வல்லமையிலே அவரோடு ஒப்பிடத்தக்கோர் சிலரே. ஆகவே ஒரு மைலிலிருந்து மூன்று மைலுக்கும் 5,000 மீற்றருக்கும் அவர் மாறினார்.

மாற்றத்தின் பயன் விரைவிலே தெரிந்தது. 1958இல் கார்டிவ் நகரிலே நடந்த பேரரசு விளையாட்டு விழாவிலே மூன்று மைல் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் பெற்றார். அடுத்த மாதம் டப்ளின் நகரிலே ஹேர்ப் எலியட் ஒரு மைலுக்கு உலக சாதனை நிலைநாட்டிய பந்தயத்திலே, ஐந்து வீரர்கள் நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். அவ்வைவருள் ஹல்பேர்க்கும் ஒருவர். நான்கு நிமிடத்துக்குள் மைலை ஓடிய முதல் நியூசிலாந்தர் என்னும் பெருமை, ஒரு கை வீச்சற்ற அம்மனிதருக்கே உரியதாயிற்று.

பின் வந்தது ரோமாபுரி. 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள். லிடியார்ட்டின் மற்றொரு மாணாக்கரான பீற்றர் சினெல் 800 மீற்றரிலே எவரும் எதிர்பாராத வண்ணம் தங்கம் வென்று சிறிது நேரமே சென்றிருந்தது. 5,000 மீற்றர் ஓட்டத்தின் இறுதிப் போட்டிக்கு வீரர்கள் அணிவகுத்தனர்.

இந்த ஓட்டத்துக்கென ஆசிரியரும் மாணவரும் முன்னரே ஓர் உபாயம் வகுத்திருந்தனர். 5,000 மீற்றர் என்பது பன்னிரண்டரைச் சுற்று. இறுதிச் சுற்று நெருங்குமுன் வீரர்கள் எல்லாரும் சற்றே மூச்சை அடக்கி, முடிவுப் பாய்ச்சலுக்காகப் பலத்தைச் சேமிப்பர். உள்ளம் தளரும் நேரமும் அதுவே. முடிவு அண்மையிலும் இல்லை, தொடக்கம் நினைவிலும் இல்லை. அந்த நேரத்திலே, மூன்று சுற்று எஞ்சியிருக்கும்போதே, முடிவுக் கோடு கண்முன் தெரிவதுபோலப் பாய்ந்துவிடுவது என்பதே திட்டம். கடைசி நூறு மீற்றரிலே தம்மை விஞ்சக்கூடியோர், அவ்விடத்துக்கு வருமுன்னரே எட்டாத் தூரத்திலே விடப்பட வேண்டும்.

ஹல்பேர்க் தொடக்கச் சுற்றுகளிலே கூட்டத்தின் பின்புறத்திலே அமைதியாக ஓடினார். பின்னர் மெல்ல மெல்ல முன்னேறினார். குறித்த சுற்று வந்தது. திடீரெனப் பாய்ந்தார். ஏனையோர் திகைத்து ஒருவரையொருவர் பார்ப்பதற்குள் இடைவெளி விரிந்தது. ஏறத்தாழ இருபது மீற்றராயிற்று. இறுதிச் சுற்றிலே சேமித்த பலமெல்லாம் தீர்ந்தது. அச்சுற்றுக்கு அவருக்கு 73 வினாடிகள் பிடித்தன. வெற்றி வீரர் ஒருவரின் கடைசிச் சுற்றுக்கு அது மிக மந்தமான வேகம். பின்னால் யேர்மனிய வீரர் ஹன்ஸ் குறொட்ஸ்கி நெருங்கிக்கொண்டே வந்தார். ஹல்பேர்க் திரும்பித் திரும்பிப் பார்த்தவாறே ஓடினார். 13 நிமிடம் 43.4 வினாடியிலே முடிவுக் கோட்டைக் கடந்து, வெற்றி நாடாவைப் பற்றியபடியே புற்றரையிலே சாய்ந்தார். குறொட்ஸ்கிக்கு 13 நிமிடம் 44.6 வினாடி. மூன்றாவதாக வந்த போலந்து வீரர் சிம்னி அவருக்கு 0.2 வினாடி பின்னே நின்றார். பத்தாண்டு உழைப்புக்கு 1.2 வினாடி மிச்சம்.

சில நாட்களின் பின் மரதன் ஓட்டத்திலே லிடியார்ட்டின் மூன்றாவது மாணாக்கர் பரி மகீ வெண்கலம் பெற்றார். ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் பின்னே ஞாயிறுதோறும் மலையேறிய சிறு கூட்டம், உலகின் கண்களைத் தன்பால் ஈர்த்தது.

1961 ஜூலை மாதத்திலே ஹல்பேர்க்கின் திறமை உச்சத்தை எட்டியது. தமது 28ஆவது பிறந்தநாளன்று பின்லாந்திலே இரண்டு மைலை 8 நிமிடம் 30 வினாடியிலே ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். பத்து நாட்களின் பின் டப்ளினிலே நால்வர் ஓடிய நான்கு மைல் அஞ்சலோட்டத்திலே மேலும் ஓர் உலக சாதனை. 25ஆம் நாள் ஸ்டொக்ஹோம் நகரிலே மூன்று மைலை 13 நிமிடம் 10 வினாடியிலே ஓடி மூன்றாவது சாதனை. எல்லாம் பத்தொன்பது நாட்களுள் நிகழ்ந்தன. 1962இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே மூன்று மைல் தங்கத்தை மீண்டும் தமதாக்கினார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே 10,000 மீற்றரில் ஏழாவதாக வந்தார். அத்தோடு பந்தய வாழ்வு நிறைவெய்தியது.

மேடைக் கதை பெரும்பாலும் ரோமாபுரிப் புற்றரையோடு முடிந்துவிடும். நாம் சொல்ல விரும்பிய மறுபாதி அதன் பின்னரே தொடங்குகின்றது.

அதே ரோமாபுரியிலே, அதே செப்டெம்பர் மாதத்திலே, வேறொரு விளையாட்டு விழாவும் நடைபெற்றது. ஒலிம்பிக் விழா முடிந்து ஒரு கிழமையின் பின், 18ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை, 23 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 400 பேர் சக்கர நாற்காலிகளிலே வந்து போட்டியிட்டனர். இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையிலே, முதுகெலும்பு முறிந்தோருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் லுட்விக் குட்மன் 1948இல் 16 பேருடன் தொடக்கிய அம்பெய்தற் போட்டியின் வளர்ச்சியே அது. முதலாவது பராலிம்பிக் விழா என்று இன்று உலகம் அதனைக் குறிக்கின்றது. ஆயினும் அக்காலத்திலே அதன் வாயில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு மட்டுமே திறந்திருந்தது. வலுவிழந்த கையுடைய ஒருவருக்கு அங்கே இடமில்லை. ஹல்பேர்க் போன்ற ஒருவர் ஒன்றில் உலகின் முதல்தர வீரரோடு ஓடவேண்டும். இன்றேல் ஓடாதிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட பாதை ஒன்று இருக்கவில்லை.

உலகை வெல்லும் ஆற்றல் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கை மெலிந்த ஆயிரம் பிள்ளைகளுள் ஒருவர்கூட ஒலிம்பிக் தங்கம் பெறாதிருக்கலாம். கை நலமுற்ற ஆயிரம் பிள்ளைகளின் நிலையும் அதுவே. ஆனால் அந்த இரண்டாம் ஆயிரவரும் மாலையிலே வியர்க்க விறுவிறுக்க விளையாடுகின்றனர், தோற்கின்றனர், நண்பரோடு சண்டையிட்டுச் சமாதானமாகின்றனர். முதல் ஆயிரவர் வேலிக்கு வெளியே நிற்கின்றனர். இவ்வேறுபாட்டை ஹல்பேர்க் உணர்ந்திருந்தார் என்பதற்கு அவர் செய்த காரியமே சான்று.

1963இல், இன்னும் பந்தயங்களிலே ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, உறுப்புக் குறையுடைய பிள்ளைகளுக்காகத் தம் பெயரிலே ஓர் அறநிதியத்தை அவர் நிறுவினார். அதற்குப் பணம் தேடிய முறையும் நயமானது. நாட்டின் சிறந்த விளையாட்டு வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டு, இடையிலே நின்றுபோயிருந்த விருது ஒன்று இருந்தது. அதனை அவர் மீண்டும் உயிர்ப்பித்து, விருது வழங்கும் விருந்தினால் வரும் பணம் நிதியத்தைச் சேருமாறு செய்தார். வென்றவரைப் பாராட்ட மக்கள் கூடுவர். அக்கூட்டத்தின் பணம், இன்னும் ஆடத் தொடங்காத பிள்ளை ஒன்றுக்குப் பந்தாகவும் நீச்சற் பயிற்சியாகவும் மாறும். வருடந்தோறும் நிகழும் அவ்விழா இன்று நியூசிலாந்தின் தலைசிறந்த விளையாட்டு விருது விழாவாக விளங்குகின்றது.

அந்நிதியம் இப்போது ஹல்பேர்க் அறநிலையம் எனப்படுகின்றது. தேவைப்படும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாதனங்கள் வாங்கவும் பயிற்சி பெறவும் அது உதவுகின்றது. ஒரு விளையாட்டின் விதியையோ, பந்தின் அளவையோ, ஆடுகளத்தின் தூரத்தையோ சற்று மாற்றி, வகுப்பிலுள்ள அனைவரும் கூடி ஆடச் செய்வது எப்படி என்று ஆசிரியருக்குக் கற்பிக்கின்றது. எட்டு முதல் இருபத்தொரு வயது வரையானோருக்கு விளையாட்டு விழா நடத்துகின்றது. ஹல்பேர்க் 1988இல் சேர் பட்டம் பெற்றார். 2022 நவம்பர் 30ஆம் நாள், 89ஆம் வயதிலே காலமானார். அவர் ஓடியது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள். அந்நிதியத்துக்காக உழைத்ததோ அதன் பன்மடங்கு காலம்.

"ஒரு கை தட்டினால் ஓசை எழுமா?" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. ஹல்பேர்க்கின் கதையை முழுதும் அறிந்தபின், அப்பழமொழி புதுப்பொருள் தருகின்றது. உயிர் காத்த வைத்தியர் ஒரு கை. கையைப் பாராது திறமையைப் பார்த்த லிடியார்ட் ஒரு கை. மலைப்பாதையிலே உடன் ஓடிய தோழர் பலர் கை. ஓடுபாதையிலே "நீ வரலாகாது" என்று தடுக்காத போட்டி நடத்துநர் கை. இவை யாவும் சேர்ந்த பின்னரே அம்மனிதரின் நெஞ்சுரம் பயன்பட்டது. நெஞ்சுரம் பெரிதே, அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் நெஞ்சுரத்தைப் பற்றி மாத்திரம் பேசினால், கைகொடுக்க வேண்டிய நாம் நம் பொறுப்பிலிருந்து நழுவிவிடுகின்றோம். "அவன் செய்தான், நீயும் செய்" என்று கூறுவது எளிது, செலவுமில்லை. "அவனுக்கு இருந்தவை இப்பிள்ளைக்கும் உளவா?" என்று கேட்பது கடினம். ஏனெனில் அதற்குரிய விடையை நாமே தேடித்தர வேண்டும்.

நம் பாடசாலைகளிலே தேகாப்பியாச நேரத்தில் மைதானத்து மரநிழலைப் பாருங்கள். ஏனையோரின் புத்தகப் பைகளுக்கும் சப்பாத்துகளுக்கும் காவலாக ஒரு பிள்ளை அமர்த்தப்பட்டிருப்பதைச் சில இடங்களிலே காணலாம். கால் சற்றே இழுக்கும். அல்லது கை சற்றே மெலிந்திருக்கும். ஆசிரியர் அன்பினாலேயே அமர்த்தியிருப்பார். பெற்றோரும் "விழுந்துவிடுவான், விட்டுவிடுங்கள்" என்று கேட்டிருப்பர். அன்பு என்னும் பெயராலே அப்பிள்ளைக்கு மறுக்கப்படுவது யாது என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியிலே கொடி பிடிக்கவோ புள்ளி எழுதவோ அவனை நிறுத்துவதோடு நம் கடமை முடிந்துவிடுகின்றது.

பெரிய நிதியங்களை நாம் நாளையே தொடக்க இயலாது. ஆனால் தூரத்தைச் சற்றுக் குறைத்து ஓர் ஓட்டத்தை அமைக்கலாம். உட்கார்ந்து எறியும் பந்தெறிதலை நிகழ்ச்சி நிரலிலே சேர்க்கலாம். அஞ்சலோட்டக் குழுவிலே அப்பிள்ளைக்குரிய பகுதியை மற்றொரு தோழன் பகிர்ந்து ஓடலாம். அவன் விழக்கூடும். ஏனைய பிள்ளைகளும் விழுகின்றனரே! முழங்கால் உராய்ந்தால் மருந்து பூசலாம்.

அடுத்த முறை மேடையிலே ஹல்பேர்க்கின் கதையைக் கூற எழும் நண்பருக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. கதையை ரோமாபுரியோடு நிறுத்தாது 1963 வரை கொண்டு செல்லுங்கள். இறுதியிலே மாணவரைப் பார்த்துக் கேட்கும் வினாவை, முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் அதிபரையும் ஆசிரியரையும் பெற்றோரையும் பார்த்துக் கேளுங்கள். பைகளைக் காக்க வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அந்தப் பிள்ளையை எழுந்து வரச் சொல்லுங்கள்.